நான்காம் மணி அடித்த நடுவர் வடிவம்மாள் அவர்களுக்கு

பொருநை நீர் உண்டு, பொய்யா நெறி கொண்டு, வினாவே வாழ்வாய் விடையே விருந்தாய் வாழ்ந்த வித்தகியே! அஞ்சாத சொல்லையும் அசையாத தீர்ப்பையும் அணிகலனாய்ப் பூண்ட அம்மையே! எங்கள் அருவிக்கரை தொலைக்காட்சியின் ‘மூன்றாம் மணி’ வினாடி வினா நிகழ்ச்சியில், இருபத்தாறு ஆண்டுகள், நான்கு வடிவங்கள், நான்கு தொகுப்பாளர்கள், ஆயிரத்து இருநூற்றுப் பதினான்கு ஞாயிறுகள் என எல்லாம் மாறியும் தாம் மாறாமல், நடுவர் நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்திருந்த நாயகியே! தங்களோடு தேநீர் குடித்தும் தங்களிடம் திட்டு வாங்கியும் வளர்ந்த பணியாளர்கள் நாங்கள், தாங்கள் பணி நிறைவு பெறும் இந்நாளில் தலைதாழ்த்தி வணங்குகிறோம்!

வியப்புக்குறி போதும் என்று தாங்கள் கையைத் தூக்குவது தெரிகிறது. நிறுத்திக்கொள்கிறோம். ஆனால் ஒரு சிறு ஏற்பாடு. நேசையா சார் விடைபெற்ற விழாவில், “எட்டாண்டுக் காலம்” என்று மடலில் வாசித்த மாத்திரத்தில் முன்வரிசையிலிருந்து எழுந்து, “ஏழு வருசம் ரெண்டு மாசம்” என்று திருத்தியவர் தாங்கள். மாலை போட்ட கழுத்தோடு சாரே கைதட்டினார். அந்தக் கதி எங்களுக்கும் வரக்கூடாது. ஆகவே இங்கிருந்து ‘தாங்கள்’ என்பதை விட்டுவிட்டு, யாரோ ஒரு வடிவம்மாளைப் பற்றிச் சொல்வதுபோல் ‘அவர்’ என்றே சொல்லப் போகிறோம். அடுத்தவர் கதையில் குறுக்கே பேசமாட்டார் என்ற நம்பிக்கைதான்.

வடிவம்மாள் இந்த நிறுவனத்துக்கு வந்தபோது வயது முப்பத்து நான்கு. கையில் ஒரு நோட்டும், நிகழ்ச்சிக்கென்று நிறுவனம் கொடுத்த ஒரு வெண்கல மணியும். நிகழ்ச்சியின் விதியை அந்த மணிதான் சொல்லும். முதல் மணிக்குக் கேள்வி. இரண்டாம் மணிக்குப் பத்து வினாடி பாக்கி. மூன்றாம் மணி அடித்தால் முடிந்தது, அதன்பின் சொன்னது சொன்னதுதான். நோட்டின் முதல் பக்கத்தில் அவர் தன் கையால் ஒரு விதி எழுதியிருந்தார்: ‘வீட்டிலிருப்பவர் கேள்வியைக் கேட்கும் நாளில் பதில் சரியாக இருக்க வேண்டும்.’ இந்த ஒரு வரி பின்னாளில் அவரைப் படுத்திய பாட்டை அன்று யார் கண்டது?

எந்த வடிவம் சிறந்தது, எந்தத் தொகுப்பாளர் பெரியவர் என்பது எங்கள் தேநீர்க் கடைச் சண்டை. இருபது ஆண்டாக ஓயவில்லை. முதல் வடிவம் நேசையா சாருடையது. பாளையங்கோட்டைப் பள்ளியில் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவர். வெள்ளைச் சட்டை, ஒரே ஒரு விளக்கு, நேரலை. வென்றவருக்கு டிபன் கேரியர். “பைய யோசிங்க, பஸ்ஸு ஒண்ணும் போயிராது” என்பார். ஒருநாள் பஸ்ஸே போகப் பார்த்தது. தவறென்று அனுப்பிவைத்த ஒருவரின் பதில் சரிதான் என்று நேயர் ஒருவர் போன் செய்ய, வடிவம்மாள் நூலைப் புரட்டிப் பார்த்துத் தலையாட்ட, சார் ஆளை அனுப்பினார். அம்பாசமுத்திரம் பஸ்ஸில் சீட்டுப் பிடித்து உட்கார்ந்திருந்தவரை இறக்கிக் கூட்டிவந்து, அதே நாற்காலியில் உட்காரவைத்து, “தப்பு எங்களுது, மன்னிச்சிருங்க” என்று கும்பிட்ட பிறகுதான் நிகழ்ச்சி முடிந்தது.

இரண்டாம் வடிவத்துக்குக் குமரகுருபரன் வந்தார். மினுமினுக்கும் கோட்டு, சுழலும் சக்கரம், பரிசுக்குக் கிரைண்டர். போட்டியாளரைவிட அவரே அதிகம் பேசினார். கேள்விகள் சுலபமாகிவிட்டன என்று வடிவம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: தோற்றவரை அவர் தனியாக வீட்டுக்கு அனுப்பியதே இல்லை. தோளில் கைபோட்டுக் கேன்டீனுக்குக் கூட்டிப்போய்ச் சிரிக்கவைத்தே அனுப்புவார்.

மூன்றாவது சிவகணேஷ். நேரலை போய்ப் பதிவு வந்தது. ஒரே நாளில் ஐந்து நிகழ்ச்சி, ஐந்து சட்டை. “உறுதியா? உறுதியா? உறுதியா?” என்று மூன்று தடவை கேட்டு, இசையை ஏற்றி, சரியான பதில் சொன்னவரையே வியர்க்கவைப்பதில் மன்னன். நேயர் எண்ணிக்கை அதிகமாக இருந்தது அவர் காலத்தில்தான், அதை மறுக்க முடியாது. இப்போது நான்காவதாக யூனிஸ். மறுபடியும் நேரலை, வீட்டிலிருப்பவர்கள் செல்போனில் கூடவே ஆடுகிறார்கள், மணி ஓசையும் போனிலிருந்தே வருகிறது. வெண்கல மணி வடிவம்மாளின் மேசைக்கடியில் ஒரு துணிப்பைக்குள் போய்விட்டது.

யார் பெரியவர் என்று அவரிடம் கேட்டால் ஒரே பதில்தான். “நல்லாப் போவும்போது எல்லாரும் நல்லாத்தான் நடத்துதாங்க. தப்பு நடந்தா என்ன செய்யுதாங்கன்னு பாத்துட்டுச் சொல்லுதேன்.”

அந்தத் தவறு நடந்தது 2019 நவம்பர் முதல் வாரத்தில், அதுவும் வடிவம்மாள் கையால். அன்று ஐந்தாவது பதிவு. எல்லோரும் சோர்ந்து போயிருந்தோம். போட்டியாளர் சங்கரி, அம்பாசமுத்திரம் பக்கத்து அங்கன்வாடி ஊழியர். ஆண்டு இறுதிச் சுற்றுக்குப் போக இன்னும் இரண்டே கேள்வி. ‘குற்றாலம் எந்த மாவட்டத்தில் உள்ளது?’ சங்கரி யோசிக்கவே இல்லை. “தென்காசி மாவட்டம்” என்றார். விடை அட்டையில் ‘திருநெல்வேலி’ என்று இருந்தது. சிவகணேஷ் திரும்பிப் பார்த்தார், வடிவம்மாள் ‘தவறு’ என்றார். சங்கரி ஏதோ சொல்ல வாயெடுத்தபோது மூன்றாம் மணியை அடித்ததும் அதே கைதான்.

அந்த அட்டை ஜூன் மாதம் எழுதியது. குற்றாலமும் சேர்ந்த தென்காசிப் பகுதி தனி மாவட்டமாகப் பிரியப் போகிறது என்ற அறிவிப்பு ஜூலையில் வந்தது. ஒவ்வோர் அட்டையையும் ஒளிபரப்பு நாளோடு ஒத்துப்பார்க்கும் வடிவம்மாள் அந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டார். தென்காசி மாவட்டம் நவம்பர் 22, வெள்ளிக்கிழமை பிறந்தது. நிகழ்ச்சி 24, ஞாயிற்றுக்கிழமை ஒளிபரப்பானது. அந்த விதியையும் ஒளிபரப்பு நாளையும் போட்டியாளர்களிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தோம். சங்கரி அந்த நாளுக்கான பதிலைத்தான் சொல்லியிருக்கிறார். நடுவரின் விதியை நடுவர் மறந்தார், போட்டியாளர் மறக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து சங்கரியிடமிருந்து ஒரு தபால் அட்டை வந்தது. “தெரியாமத் தோத்தாக்கூடப் பரவால்ல, தெரிஞ்சுவச்சிக்கிட்டு வாயை மூடிட்டு வந்திருக்கியேன்னு வீட்ல ஏசுதாங்க. நான் சொன்னது சரியா தப்பான்னு மட்டும் சொல்லுங்க.” அவ்வளவுதான் எழுதியிருந்தது.

வடிவம்மாள் அன்றே பதில் எழுதிவிட்டிருக்கலாம். எழுதவில்லை. “ஊரு பாக்க தப்புன்னு சொல்லிட்டு, காதுக்குள்ள சரின்னு சொன்னா அது திருத்தமா? எந்த நாற்காலியில சொன்னேனோ அங்கனயே சொல்லணும்” என்றார். “கூப்பிடுவேன், காத்திருங்க” என்று மட்டும் ஒரு கடிதம் போட்டார். தபால் அட்டை அவருடைய கண்ணாடிக் கூட்டுக்குள் போனது. ஒவ்வொரு நாளும் கண்ணாடியை எடுக்கும்போது அது கையில் படும். படட்டும் என்றுதான் அங்கே வைத்தார்.

சிவகணேஷ், “பதிவு பண்ணுன அன்னைக்கு அது திருநெல்வேலிதானம்மா” என்று ஒதுங்கிக்கொண்டார். நிகழ்ச்சிப் பொறுப்பாளர் நெல்லையப்பன் சாரிடம், நிகழ்ச்சியிலேயே திருத்த அனுமதி கேட்டார் வடிவம்மாள். கொரோனா வந்தது, நிகழ்ச்சியே நின்றது. மீண்டும் தொடங்கியபோது கேட்டார். புது வடிவத்தில் பழைய கதை எதற்கு என்றார் சார். மறு ஆண்டு கேட்டார். ஒன்றைத் திருத்தினால் நூறு பேர் வந்து நிற்பார்கள் என்றார். அதற்கடுத்த ஆண்டு, ‘நடுவரின் தீர்ப்பே இறுதியானது’ என்று நிகழ்ச்சி முடிவில் ஓடும் வரியைக் காட்டினார். இந்த ஆண்டுத் தொடக்கத்தில், “இன்னும் கொஞ்ச மாசத்துல ஓய்வு பெறப் போறிய, நிம்மதியாப் போங்கம்மா” என்றார்.

“நிம்மதியாப் போவத்தான் கேக்கேன்” என்றார் வடிவம்மாள்.

இத்தனைக்கும் நடுவே இன்னொரு வேலையும் நடந்தது. அன்று சங்கரியிடம் கேட்காமல் போன அடுத்த கேள்வியின் உறை அவரிடம் இருந்தது. ஒவ்வொரு நவம்பரிலும் அதன் விடை இன்னும் சரிதானா என்று சரிபார்ப்பார். ஆற்றில் உள்ள அணைக்கட்டைப் பற்றிய கேள்வி அது. “அணை எங்கம்மா போயிரப் போவுது?” என்று சிரித்தோம். “மாவட்டமே எடம் மாறிச்சுல்லா?” என்றார்.

போன ஞாயிறு அவருடைய கடைசி நிகழ்ச்சி. நேரலை. பார்வையாளர் வரிசையில் மூன்றாவதாக ஒரு பெண் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்களுக்கு அடையாளம் தெரியவில்லை. முதல் சுற்று முடிந்தது. செல்போனிலிருந்து மூன்றாம் மணி ஒலித்து ஓய்ந்தது. அடுத்து, யாரும் எதிர்பாராமல், அரங்கமே அதிர ஒரு மணியோசை. வெண்கல மணி! வடிவம்மாள் எழுந்து நின்று கையால் அடித்துக்கொண்டிருந்தார். நான்கு வடிவங்களில் எதிலும் இல்லாத நான்காம் மணி!

கட்டுப்பாட்டு அறையிலிருந்து நெல்லையப்பன் சார், “விளம்பரம் போடு, விளம்பரம் போடச் சொல்லு” என்று யூனிஸின் காதில் கத்தியது எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது. யூனிஸ் ஒரு கணம் நின்றார். வயது இருபத்தெட்டு, வேலைக்கு வந்து நான்காம் ஆண்டு, வீட்டுக் கடன் வேறு. பிறகு காதுக் கருவியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, “சொல்லுங்க வடிவம்மா” என்றார்.

வடிவம்மாள் மணியை மேசையில் வைத்தார். “ஆறு வருசத்துக்கு முந்தி இந்த மேசையில இருந்து ஒரு சரியான பதில தப்புன்னு சொன்னேன். அட்டைய நாந்தான் எழுதுனேன், மணியும் நாந்தான் அடிச்சேன். சங்கரி சொன்னதுதான் சரி. அன்னைக்குப் பேச விடல. இன்னைக்கு வாங்கம்மா.”

சங்கரி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். அரங்கமே எழுந்து நின்றது. உறையைப் பிரித்து, விட்ட இடத்திலிருந்து கேட்டார் வடிவம்மாள். ‘தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில், கடலுக்கு அருகே கடைசியாக உள்ளது எது?’ வெண்கல மணியாலேயே நேரம் கணக்கிட்டார். சங்கரி நெற்றியைச் சுருக்கினார். “மருதூர்” என்றார். மூன்றாம் மணி.

விடை ஸ்ரீவைகுண்டம்.

ஆறு ஆண்டு போராடிக் கூட்டிவந்த ஆளிடம் இப்போது இந்த வாயால் என்ன சொல்வார்? வடிவம்மாள் இமைக்கவில்லை. “தவறு” என்றார். பிறகு சங்கரி சிரித்தார், வாய்விட்டுச் சிரித்தார். “போன தடவ உங்க தப்பு, இந்தத் தடவ என் தப்பு. இது போதும்மா, தலைய நிமித்திக்கிட்டு வீட்டுக்குப் போவேன்” என்றார். இருபத்தாறு ஆண்டில் நடுவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை அன்றுதான் பார்த்தோம். துடைத்துக்கொண்டே யூனிஸ் பக்கம் திரும்பி, “நேசையா சாருக்குப் பக்கத்துல உன்னை வைக்கேன்” என்றார். தேநீர்க் கடைச் சண்டை அதோடு தீர்ந்தது.

அம்மையே! இனி ‘தாங்கள்’ என்றே சொல்கிறோம். பிழையே செய்யாதவர் என்று தங்களைப் புகழ எங்களுக்கு ஆசைதான்; அப்படிப் புகழ்ந்தால் தாங்களே மணி அடிப்பீர்கள். பிழை செய்து, அதை மறைக்காமல் மடிக்காமல், மறுத்தவர் முன் மீண்டும் மீண்டும் நின்று, ஊர் பார்க்கத் திருத்திய உறுதியைப் புகழ்கிறோம்! இந்த மடலின் கண்ணாடிச் சட்டத்துக்குப் பின்பலகையில் ஆணி அடிக்கவில்லை, திருகுதான் போட்டிருக்கிறோம். திருத்த வேண்டியது இருந்தால் கழற்றிக்கொள்ளலாம். கண்ணொளி மங்காமல், காலில் வலி அண்டாமல், செய்தித்தாளில் பிழை பார்த்துப் பக்கத்து வீட்டாரை அழைத்துக் காட்டும் சுகத்தோடு, நூறாண்டும் அதற்கு மேலும் தாங்கள் நலமாய் இருக்க வேண்டும்!

வெண்கல மணியைத் தங்களுக்கே பரிசாகத் தர விரும்பினோம். “அது நிகழ்ச்சிக்குள்ளது” என்று மறுத்துவிட்டீர்கள். எனவே எங்களால் முடிந்த வேறொரு பரிசு. வரும் ஞாயிறு, தாங்கள் நடுவராக இல்லாத ‘மூன்றாம் மணி’யை முதன்முறையாக வீட்டிலிருந்து பார்ப்பீர்கள். முடிவில், இருபத்தாறு ஆண்டு ஓடிய ‘நடுவரின் தீர்ப்பே இறுதியானது’ என்ற வரி இருக்காது. அந்த இடத்தில், நெல்லையப்பன் சார் தன் கையாலேயே தட்டச்சு செய்த புது வரி ஓடும்: ‘தவறு என்று தெரிந்தால், சொன்ன இடத்திலேயே திருத்துவோம்.’

இவண்,
தங்கள் திருத்தங்களால் திருந்திய
அருவிக்கரை தொலைக்காட்சிப் பணியாளர்கள்,
திருநெல்வேலி.