மூடி திறந்ததும் பாடும்

பிரிட்டோ: சூளை ஆறிடுச்சுன்னு பீப் அடிச்சு அஞ்சு நிமிஷமாச்சு, ஜான்சி. தொறக்கலாமா?

ஜான்சி: அடிச்சிச்சா... நான் மழையப் பாத்துகினு இருந்தேன்.

பிரிட்டோ: மழை எப்பவோ வுட்டுச்சு.

ஜான்சி: வுட்டப்புறம்தான் அழகு. பம்மல் ஊரையே யாரோ கழுவி வெச்ச மாதிரி கீது பாரு... சரி, தொற. மெதுவா! ரெய்டுக்கு வந்தவன் மாதிரி இழுக்காத.

பிரிட்டோ: மாதாவே, ஒண்ணும் ஒடஞ்சிருக்கக் கூடாது...

ஜான்சி: ஐயோ... இன்னா நீலம் பிரிட்டோ இது! தொட்டா கையில ஒட்டிக்கும் போல.

பிரிட்டோ: அப்பளம் கனத்துக்கு மண்ண இழுத்துருக்க. நம்ம கல்யாணமான புதுசுல ஒரு கிண்ணமாவது நேரா நின்னுச்சா உனக்கு?

ஜான்சி: அப்ப மண்ணோட மல்லுக்கு நின்னேன். இப்ப அது போற எடத்துக்குக் கைய வுட்றேன், அவ்ளோதான்... ஷ்ஷ். பேசாத. இப்பதான் ஆரம்பிக்கும்.

பிரிட்டோ: எது?

ஜான்சி: சிரிச்சிகினே தெரியாத மாதிரி கேளு! காத்து பட்டதும் மேல் பூச்சு முடி கணக்கா விரிசல் வுடுமே... ஒவ்வொண்ணும் டிங்... டிங்னு... அதுக்காகத்தான பன்னண்டு வருஷமா இந்த ஷெட்டுல கெடக்குறேன். அந்தப் பாட்டு இல்லன்னா எனக்கு இதுல இன்னா கீது?

பிரிட்டோ: அப்படிலாம் சொல்லாதடி...

ஜான்சி: இன்னா? இந்தப் பக்கம் திரும்பிப் பேசு. முதுகக் காட்டிகினே பேசுற.

பிரிட்டோ: இப்ப... கேக்குதான்னு கேட்டேன்.

ஜான்சி: கேக்காம! ஓரத்துக் கிண்ணம்தான் மொதல்ல... கோயில் சின்ன மணி கணக்கா. அதோ, அடுத்தது பதில் சொல்லுது. உனக்குக் கேக்கல?

பிரிட்டோ: எந்தக் கிண்ணம்? இதுவா?

ஜான்சி: இன்னாடா, பேய் அறைஞ்சவன் மாதிரி பாக்குற?

பிரிட்டோ: ஜான்சி... இந்தத் தடவ பூச்சு நான்தான கலந்தேன். விரிசல்ல ரசம் எறங்கிக் கறுக்குதுன்னு வாங்குறவங்க எல்லாரும் சொல்றாங்களேன்னு, குவார்ட்ஸ் பொடிய ஏத்திப் போட்டேன். இது விரிசல் வுடாது. ஒண்ணுகூட சத்தம் போடல. நீ காத வெச்சு முழிப்ப, அப்புறமா சொல்லிச் சிரிக்கலாம்னு...

ஜான்சி: ஒண்ணுகூடவா...

பிரிட்டோ: எவ்ளோ நாளா காது கேக்கல?

ஜான்சி: ரெண்டு வருஷம் ஆவுது. ரயிலு கேக்குது, நீ எதுக்கால நின்னு பேசுனா கேக்குது. சின்னச் சத்தம்தான் போயிடுச்சு... மூடி தொறந்ததும் உன் மூஞ்சியத்தான் பாப்பேன். அது சிரிச்சா, கிண்ணம் பாடுதுன்னு அர்த்தம். இன்னிக்கும் சிரிச்சியேடா, பாவி.