கொட்டாவியில் எழுந்த கை

எண்ணெயை நேராக அடுப்பில் வைக்கக் கூடாது. வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணத்தை வைத்து இளஞ்சூடு ஏற்ற வேண்டும். பிறகு நம் புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும். ஆயுர்வேத வைத்தியர் முதல் நாள் சொன்ன இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, அண்ணனின் கட்டிலுக்கு மேலே ஒட்டியிருந்தேன். ஏனோதானோ என்று வேலை செய்கிறவன் நானில்லை. இதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

முப்பத்திரண்டு வருடம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தேன். கண்டக்டர்கள் எனக்கு வைத்த பெயர் கொக்கு. டிக்கெட் எடுக்காதவன் ஜன்னல் கம்பியில் சாய்ந்து வாயைப் பிளந்துகொண்டு தூங்குவான். தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குகிற மாதிரி நடிக்கிறவனை எழுப்ப முடியாது என்பார்கள். நான் எழுப்பியிருக்கிறேன். சம்பளமே அதற்குத்தான்.

ஓய்வு பெற்ற ஐந்தாம் மாதம் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் போயின. பேச்சில் ‘சரி’ என்ற ஒரே சொல் மிஞ்சியது. பசிக்கிறதா என்றாலும் சரி, மழை பெய்கிறது என்றாலும் சரி. அண்ணி பள்ளிக்கூட ஆசிரியை. காலையில் போனால் மாலையில்தான் வருவார். பகலில் அவனும் நானும்தான்.

வைத்தியர் நேர்மையான மனிதர். “எண்ணெய் நோயை விரட்டிடாது சார். இறுக்கம் தளரும், உடம்பு இதமா இருக்கும். டாக்டர் குடுத்த மாத்திரையும் பயிற்சியும் நிக்கவே கூடாது” என்றார். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றும் சொன்னார். “வலது பக்கம் அவருக்குச் சூடு தெரியாது. உங்க கைதான் அவருக்காகப் பாக்கணும்.”

பார்த்தேன். முதல் மாதம் முழுக்கப் பார்த்தேன். விறைத்துக் கிடந்த முழங்கை கொஞ்சம் மடங்கத் தொடங்கியது. உணர்ச்சி திரும்பினால் மூன்று மாதத்தில் கோலூன்றி நடந்துவிடுவான் என்று டாக்டரும் சொன்னார். அந்த மாதம் நான் சந்தோஷமாக இருந்தேன். அண்ணன் என்னை நம்பிப் படுத்துக் கிடந்தது வாழ்நாளில் அதுதான் முதல் தடவை.

ஒரு செவ்வாய்க்கிழமை, பத்தரை மணி இருக்கும். அண்ணன் பெரிதாக ஒரு கொட்டாவி விட்டான். அப்போது அந்த வலது கை, செத்த கை, படுக்கையை விட்டு எழுந்தது. மார்பு வரை வந்து, விரல்கள் விரிந்து, மறுபடி விழுந்தது. நான் கிண்ணத்தோடு அப்படியே நின்றேன்.

“அண்ணே, இன்னொரு தடவை தூக்கு.”

“சரி” என்றான். தூக்கவில்லை.

அவனைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. சின்ன வயதில் பரீட்சை அன்று காலையில் தவறாமல் அவனுக்கு வயிற்று வலி வரும். அம்மா போர்த்திப் படுக்க வைப்பாள். தெருக்குழாயிலிருந்து இரண்டு குடத்தையும் நான் சுமப்பேன். கதவைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தால் போர்வைக்குள்ளிருந்து கண்ணடிப்பான். எனக்கு எரியும். இப்போதும் எரிகிறது.

கை எழுந்ததை அண்ணியிடம் சொன்னேன். அவர் அழுதுகொண்டே டாக்டருக்குப் போன் செய்தார். கொட்டாவி விடும்போது செயலிழந்த கை தானாக எழுவது உண்டாம், அதை அவன் தூக்கவில்லையாம். டாக்டர் பாவம், படித்தவர். பஸ்ஸில் ஏறுகிறவர்களை அவருக்குத் தெரியாது.

மறுநாளிலிருந்து எண்ணெயின் சூட்டைக் கொஞ்சம் கூட்டினேன். வலது பாதத்தில் ஊற்றி, அவன் முகத்தைப் பார்த்தேன்.

“சுடுதா அண்ணே?”

“சரி.”

ஒரு சுருக்கம் இல்லை. அடுத்த நாள் இன்னும் கொஞ்சம். தோல் சிவந்தது. “ரத்தம் ஓடுது அண்ணி, நல்லதுதான்” என்றேன். இரண்டாவது வாரம் கொப்புளம் வந்தபோது நீளமான காலுறை போட்டுவிட்டேன். குளிர் ஆகாது என்று அண்ணியிடம் சொன்னேன். வைத்தியர் வரும் நாளுக்கு முன்னால் அவருக்குப் போன் செய்து, இந்த வாரம் வேண்டாம், அண்ணனுக்குச் சளி என்றேன். கல்லுளிமங்கன் மாதிரி அவன் படுத்திருந்தான். அந்த உறுதியைப் பார்த்து எனக்கு அவன் மேல் மரியாதையே வந்தது.

என் கையில் ஏன் ஒரு கொப்புளம்கூட இல்லை என்று நேற்று கேட்டீர்கள். ஈரத்துண்டைச் சுற்றிக்கொண்டேன். இளஞ்சூடு என்று நினைத்துவிட்டேன் என நான் முதலில் சொன்னது பொய்.

கடைசி நாள் வெந்நீர்ப் பாத்திரம் வைக்கவில்லை. கிண்ணத்தை நேராக அடுப்பில் வைத்தேன். முழங்காலுக்குக் கீழே கொஞ்சம்தான் ஊற்றினேன். கால் வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. இரண்டு மாதமாகச் ‘சரி’யைத் தவிர வேறெதுவும் வராத வாயிலிருந்து, “வேணாம்டா” என்று வந்தது.

காலும் வந்துவிட்டது, பேச்சும் வந்துவிட்டது, அதுவும் ஒரே நொடியில். இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்? எனக்கு உடம்பெல்லாம் லேசானது. பிடிபட்டவனை அப்படியே இறக்கிவிட்டால் அது பரிசோதனை இல்லை. கிண்ணத்தில் மீதி இருந்ததையும் ஊற்றினேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்தியர் சுவரில் சாய்ந்து அழுதார். “உணர்ச்சி திரும்பியிருக்கு சார். இதுக்குத்தானே எல்லாரும் காத்துக்கிட்டிருந்தோம்” என்றார். அவரையும் ஏமாற்றிவிட்டான் பாருங்கள். அவன் நடித்ததை நான் அவரிடம் சொல்லவில்லை. நல்ல மனிதர், வருத்தப்படுவார்.

புண்ணில் சீழ் வைத்து, விஷம் ரத்தத்தில் ஏறி, ஒன்பதாம் நாள் போய்விட்டான். ஆம், நான்தான் கொன்றேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். ஆனால் ஒன்றை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஒன்பதாம் நாள் காலையில் ஆஸ்பத்திரியில், மருந்து வாங்க அண்ணியை அனுப்பிவிட்டு, அவன் காதருகில் குனிந்து, “நடிச்சேன்னு ஒரே ஒரு தடவை சொல்லிடு அண்ணே, அதோட விட்டுடறேன்” என்று கெஞ்சினேன். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. இத்தனையையும் நான் ஒப்புக்கொண்டுவிட்டேன். கடைசி வரை ஒப்புக்கொள்ளாதவன் அவன்தான்.