மேற்படி நபர்

– இதைப் படிச்சா, நம்ம வெல்டர் தம்பியை நமக்குத் தெரியும்னு எவனாவது நம்புவானா, செக்ரட்டரி சார்? ‘மேற்படி நபர் எமது ஆராதனைகளில் அவ்வப்போது காணப்படுகிறார் என அறிகிறோம்.’ காணப்படுகிறாராம்! அவர் என்ன வால் நட்சத்திரமா?

– மெதுவா, நர்ஸம்மா. உள்ள அவரோட விசாரணை நடக்குது. இங்க பேசினா கதவுக்கு அந்தப் பக்கம் கேக்கும்.

– நல்லா கேக்கட்டும். நான் எழுதிக் கொடுத்தது முழுசா ஒரு பக்கம். திரும்பி வந்திருக்கிறது ஒன்றரை வரி. மீதியை யார் தின்னது?

– யாரும் தின்னல. முறைன்னு ஒண்ணு இருக்கு. சபை பேர்ல ஒரு கடிதம் போகணும்னா கமிட்டி பார்க்கணும். மூணு தடவை கூடிப் பேசினோம்.

– பேசினீங்க, பேசினீங்க! முதல் தடவை ஆள் பத்தலைன்னு கலைஞ்சீங்க. ரெண்டாவது தடவை ‘அகதி’ன்னு போடலாமா ‘விருந்தினர்’னு போடலாமான்னு ரெண்டு மணி நேரம். மூணாவது தடவை நடுவுல மைக் செட் மாத்துற பேச்சு வந்துடுச்சு.

– நீங்க கமிட்டியிலயே இல்லையே, உங்களுக்கு எப்படி...

– டீ கொண்டு வந்தது யாரு? டிரேயைப் பார்த்தீங்களே தவிர ஆளைப் பார்க்கல.

– கோவிச்சுக்காதீங்கம்மா. என் இடத்துல இருந்து பாருங்க. நம்ம கோயிலுக்கு ஒரு பதிவு இருக்கு. தஞ்சம் கேட்டு வந்தவரை ஹாலுக்குப் பின்னாடி ரூம்ல தங்க வெச்சிருக்கோம்னு எழுத்துல போயிட்டா, நாளைக்கு ஒரு அதிகாரி வருவார். யாரைக் கேட்டு வெச்சீங்கம்பார். கோயிலையே இழுத்துப் பூட்டிட்டா?

– பதினோரு மாசமா அவர் அங்கதானே படுத்து எந்திரிக்கிறார். அப்ப பூட்டாத கோயிலா?

– அப்ப எழுத்துல இல்ல.

– சரிதான் போங்க. போன விசாரணையில என்ன எழுதினாங்க, ஞாபகம் இருக்கா? ‘இவருக்கு இங்கே சொந்தம் இல்லை, பொறுப்பேற்க ஆள் இல்லை, விட்டால் காணாமல் போய்விடுவார்.’ அதுக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம். அதுக்குத்தான் சபையிலிருந்து ஆள் வரணும்னு வக்கீலம்மா தலைபாடா அடிச்சுக்கிட்டாங்க.

– அதான் வந்திருக்கோமே.

– ரெண்டு பேர்! வீடு வீடா ஏறி இறங்கினேன், சார். நாப்பது வீடு. நாப்பது பேரும் ஒரே வார்த்தை. ‘ஜெபத்துல நினைச்சுக்கிறோம், சிஸ்டர்.’ நினைங்க, வேண்டாங்கல. இந்த பெஞ்சுல வந்து ஒரு மணி நேரம் உக்காந்து நினைக்கக் கூடாதா? நைட் டூட்டி முடிச்சு நான் இன்னும் கண்ணை மூடல.

– நானும் லீவு போட்டுட்டுத்தான் வந்திருக்கேன்.

– பாஸ்டர் போகச் சொன்னார், வந்தீங்க. ஒண்ணு கேக்கிறேன், நேரா பதில் சொல்லணும். உங்க வீட்டு மாடிப்படியில கைப்பிடி யார் வெச்சது?

– அவர்தான். அம்மா வழுக்கி விழுந்தாங்க இல்ல, அதுக்கப்புறம்.

– எத்தனை நாள் வேலை?

– நாலு நாள். அம்மா உள்ளங்கையை அளவெடுத்து, பிடிக்கத் தோதா வளைச்சுக் கொடுத்தார்.

– சாப்பாடு?

– எங்க கூடத்தான். ஒரே மேஜையில. அவரோட கூடப்பிறந்த தம்பி போட்டோவைக் காட்டினார். ரெண்டு பேரும் ஊர்ல அவங்க பட்டறை வாசல்ல நிக்கிற மாதிரி. அந்தப் பட்டறையை எரிச்ச அன்னிக்குத் தம்பியைக் கூட்டிக்கிட்டுப் போனவங்கதான், இன்னிவரைக்கும் தகவல் இல்ல. அம்மா அன்னிக்குப் பூரா அழுதுட்டாங்க.

– இவ்வளவும் தெரிஞ்ச வாய்தானே ‘காணப்படுகிறார்’னு எழுதச் சொல்லுச்சு? அவங்க ஊர்க்காரர் ஒருத்தரைப் போன மாசம் திருப்பி அனுப்பினாங்க. இறங்கினதும் போன் பண்றேன்னவர். இன்னும் மணி அடிக்கல.

– பேனா இருக்கா?

– எதுக்கு?

– கொடுங்களேன். இந்தத் தாளுக்குப் பின்பக்கம் காலியாத்தானே இருக்கு. ‘எனக்கு இவரைத் தெரியும். என் வீட்டில் உண்டவர். திருப்பி அனுப்பினால் உயிருக்கு ஆபத்து. இங்கே இவர் தங்குவதற்கும், அழைத்தபோது வருவதற்கும் நான் பொறுப்பு.’ போதுமா?

– ‘நாங்கள் பொறுப்பு’ன்னு போடுங்க சார்.

– கமிட்டியைக் கேக்காம ‘நாங்கள்’ போட முடியாதும்மா. முறைன்னு ஒண்ணு இருக்கு. ‘நான்’னா என் கையெழுத்து, யாரையும் கேக்க வேண்டாம். வீட்டு விலாசத்தையும் போட்டுட்டேன்.

– எனக்கும் அதுக்குக் கீழ கொஞ்சம் இடம் விடுங்க. ஆ, கதவு திறக்குது, தம்பி வர்றார். எந்திரிங்க, நம்மளைத்தான் கூப்பிடுவாங்க.

– அக்கா, உக்காருங்க. முடிஞ்சுடுச்சு.

– என்ன தம்பி முடிஞ்சுடுச்சு? எங்களைக் கூப்பிடவே இல்லையே! வக்கீலம்மா எங்க?

– உள்ள அதிகாரிகிட்ட சண்டை போட்டுக்கிட்டிருக்காங்க. பைலைக் கட்டியாச்சு, அக்கா.

– அதெப்படிக் கட்டலாம்? இந்தாங்க தம்பி, கடிதம். என் கையெழுத்துலயே எழுதியிருக்கேன், நான் பொறுப்புன்னு.

– நீங்களா, ஐயா? எப்ப எழுதினீங்க?

– இப்பத்தான். மசிகூடக் காயல.

– மன்னிக்கணும் ஐயா. எனக்குத் தெரியாமப் போச்சே. கமிட்டி கூடின அன்னிக்கு நான் வெளியில ஜன்னல் கம்பிக்கு வெல்டிங் வெச்சுக்கிட்டிருந்தேன். கரண்ட் போச்சு. உள்ள பேசினது அத்தனையும் கேட்டுச்சு. என்னால உங்க எல்லாருக்கும் கெடுதல் வரும்னு பயந்தீங்க. அதுல தப்பில்ல. எனக்குக் கதவைத் திறந்து விட்டவங்க நீங்க.

– தம்பி, உள்ள என்ன சொல்லிட்டு வந்தீங்க?

– அந்தச் சபையில உங்களுக்கு யாரைத் தெரியும்னு மூணு தடவை கேட்டாங்க, அக்கா. மூணு தடவையும், எனக்கு அங்க ஒருத்தரையும் தெரியாதுன்னு சொல்லிட்டேன்.