நல்லம்மாவின் தோட்டத்துக்குப் போன அத்தியட்சகர்

தலைவர் அவர்களே, திணைக்கள உதவிப் பணிப்பாளர் அவர்களே, வின்சன்ற் சேரின் துணைவியார் யசிந்தா அம்மா அவர்களே, ஊன்றுகோலோடும் சக்கர நாற்காலியோடும் இந்த மண்டபத்தை நிறைத்திருக்கும் எங்கள் நிலையத்து மக்களே, வணக்கம்.

அத்தியட்சகர் வின்சன்ற் யாகப்பு அவர்கள் மறைந்து இன்று முப்பத்தோராம் நாள். மூன்று வருடம் அவருடைய எழுதுவினைஞராக இருந்தேன். அந்த மனிதர் எனக்கு இன்னும் முழுதாக விளங்கவில்லை.

எங்கள் வலது குறைந்தோர் நிலையத்துக்கு அவர் எங்கிருந்து வந்தார்? குருநகரில் மீன் விற்ற கூட்டுறவுச் சங்கத்திலிருந்து! வெயில் ஏறுமுன் விற்று முடிக்கவேண்டும் என்ற அவசரத்தை இங்கேயும் கொண்டுவந்தார். செயற்கைக் காலுக்காக விடியக்காலை வந்து பின்னேரம் வரை குந்தியிருந்தவர்களுக்கு இலக்கத் துண்டு கொடுத்தார். மாதம் முப்பது பேருக்குக் கால் பொருத்தி, முப்பது கோப்புகளில் ‘முடிந்தது’ என்று முத்திரை குத்தினோம். திணைக்களம் பாராட்டியது. கால் பெற்றவர்கள் வாழ்த்தினார்கள். இதை யார் பிழை என்று சொல்ல முடியும்?

நீர்வேலி நல்லம்மா அக்கா சொன்னார். அதோ, மூன்றாம் வரிசையில் இருக்கிறார். கால் பொருத்தி நாலு மாதத்தின்பின், அதைச் சாக்கில் சுற்றிக்கொண்டு ஊன்றுகோலில் வந்தார்.

“ஏனம்மா, கால் சரிவரேல்லையோ?” என்று சேர் கேட்டார்.

“உங்கடை சீமெந்து நிலத்திலை வடிவா நடந்தனான், சேர். என்ரை வாழைத்தோட்டத்துக்கும் சீமெந்து போட்டுத் தாறியளோ?”

நாங்கள் சிரித்தோம். சேர் சிரிக்கவில்லை. அக்காவின் கோப்பை எடுக்கச் சொன்னார்.

“பிள்ளை, உதிலை என்ன எழுதிக்கிடக்கு?”

“முடிந்தது எண்டு, சேர்.”

“ஆருக்கு முடிஞ்சது?”

அந்த முத்திரையைக் குத்தியவள் நான்.

மறுநாள் சைக்கிளில் நீர்வேலிக்குப் போனார். தண்ணீர் கட்டிய பாத்தியில் அந்தக் கால் புதைவதைக் கண்டார். பாதத்தை அகலமாகச் செய்வித்தார். அன்றிலிருந்து ஒரு விதி: கால் அணிந்தவர் தன் தொழிலைச் செய்துபார்த்து, ‘சரி’ என்று தானே சொல்லும்வரை கோப்பை மூடக்கூடாது. இலக்கத் துண்டை நிறுத்தினாரா? இல்லை! “ஆக்களைக் காக்கவைக்கிறதும் அநியாயம்தான், பிள்ளை” என்றார்.

தோட்டமும் கடற்கரையுமாகப் போய்வர நாள் பிடித்தது. மாதம் முடியும் கோப்புகள் முப்பதிலிருந்து பத்தொன்பதாகின.

“சேர், வெளியிலை வரிசை நீளுதே?” என்று ஒருநாள் துணிந்து கேட்டேன்.

“ஓம், நீளுது. என்ன செய்யிறதெண்டு எனக்கும் தெரியேல்லை. உனக்குத் தெரிஞ்சால் சொல்லு.”

ஓர் அத்தியட்சகர் எழுதுவினைஞரிடம் இப்படிச் சொல்வாரா? அவர் சொன்னார்! எனக்கும் இன்றுவரை விடை தெரியாது.

அவர் மறைவதற்கு முந்திய வாரம் திணைக்களக் கடிதம் வந்தது. மாதம் முப்பது முடியாவிட்டால் அடுத்த வருடம் இந்த நிலையம் இல்லை.

உதவிப் பணிப்பாளர் அவர்களே, இம்மாத அறிக்கையை எழுதப்போகிறவள் நான். கால் பொருத்தியும் இன்னும் ‘சரி’ சொல்லாத பதினொரு பேரின் கோப்புகள் என் மேசையில் கிடக்கின்றன. முத்திரை குத்தினால் முப்பது வந்துவிடும். குத்தமாட்டேன். பத்தொன்பது என்றே எழுதுவேன். கூடவே அந்தப் பதினொரு பேரின் பெயரையும் தொழிலையும், ஏன் இன்னும் முடியவில்லை என்பதையும் எழுதுவேன். வின்சன்ற் சேரின் வேலையை இப்படித்தான் என்னால் தொடர முடியும்.

அவர்களில் முதலாமவர் பண்டத்தரிப்பில் இருக்கிறார். திங்கட்கிழமை அங்கே போகிறேன். நீங்களும் வாருங்கள், ஐயா.