மீன் தொட்டியில் அன்னபேதி

விழுப்புரத்தில் கிளம்பிய திண்டிவனம் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டுக்காரர், பக்கத்தில் இருந்த தன் அக்கா வீட்டுக்காரரிடம் சொன்னார்:

"இரும்புச்சத்துக்கு மல்லாட்டப் பயிருக்குப் போடற அன்னபேதி உப்ப என் மீன் தொட்டில போட்டுட்டேன் மாமா!"

நான் காதிலிருந்த இயர்போனைக் கழற்றினேன்.

"அடப்பாவி! மீனுக்கு இன்னா ஆச்சி?"

"அத வுடுங்க, தொட்டிக்குள்ள நட்ட செடியக் கேளுங்க! வளரவே மாட்டேங்குதுன்னு காலைல போட்ட லைட்ட ராத்திரி வரைக்கும் எரிய வுட்டேன். கண்ணாடி பூரா பாசிதான் புடிச்சிச்சி."

"சோறு போடாம வேல வாங்குனா எப்பிட்றா வளரும்? வெளிச்சம் ஏற ஏற செடிக்குப் பசியும் ஏறும்."

"அதேதான் மாமா! கொழுந்துல நரம்பு மட்டும் பச்ச, மீதி மஞ்ச. உங்க கொல்லையில பாத்த அதே மஞ்ச! லைட்ட எட்டு மணி நேரமா கொறச்சேன். துளியூண்டு அன்னபேதிய களிமண்ணுல உருட்டி வேருகிட்ட சொருவுனேன். இப்ப வந்துக்கிற இலையப் பாருங்க!"

போனை மாமாவின் மூக்கருகே நீட்டினார். விக்கிரவாண்டி டோல்கேட் வரை மாமா அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"பச்சப்பசேல்னு கீதுடா! ஆமா, மீனு ஒண்ணயும் காணோமே?"

"செடியக் கடிச்சிக்கினே இருந்திச்சி மாமா. புடிச்சி கெணத்துல வுட்டுட்டேன்."

"எந்தக் கெணத்துல?"

"நம்ம கொல்லைக் கெணத்துலதான்."

"உனக்கு ஏதுடா கெணறு?"