கபடிப் பலகையில் சம்பளமும் தவணையும் எழுதிய இருளாயி அம்மையாருக்கு

கொட்டாம்பட்டி மண் தந்த குன்றா ஊக்கமே! தடையோட்டத்தில் தடைகளையும் தாளாளர் அறையில் தயக்கங்களையும் ஒரே வீச்சில் தாண்டிய தகைமையே! விடிகாலை ஐந்தரைக்கு விசில் ஊதி, விடுதியோடு பக்கத்து நாலு தெருவையும் எழுப்பிவிட்ட விழிப்பே! வைகைக்கரை உடற்கல்வியியல் கல்லூரியில் முப்பத்தொரு ஆண்டுகள் பேராசிரியராகப் பணியாற்றி, இன்று ஓய்வு பெறும் உயர்திரு. இருளாயி அம்மையீர்! வணக்கம், வணக்கம்!

அடைமொழி கேட்டால் நீங்கள் முகம் சுளிப்பீர்கள் என்பது தெரியும். ஆனால் மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டாகிவிட்டது. இனி ஒன்றும் செய்வதற்கில்லை. நம் கல்லூரியில் தமிழ்த்துறை கிடையாது. ஆகவே ஊழியர் அனைவர் சார்பிலும் இதை எழுதும் பொறுப்பு அலுவலகக் கண்காணிப்பாளர் சிவசங்கரனாகிய என் தலையில் விழுந்தது. குறை இருந்தால் என்னுடையது, நன்றி எல்லோருடையது.

பதக்கம் வென்ற மாணவர்களை எல்லாக் கல்லூரிகளும் பாராட்டும். படித்து முடித்த பிள்ளையின் கைக்கு மாதம் எவ்வளவு வருகிறது, கல்விக்கடனுக்கு எவ்வளவு போகிறது என்று கேட்டவர் நீங்கள் ஒருவர்தாம், அம்மையீர்! ஆண்டு விழாவில் ஆட வரும் பழைய மாணவர் எவராயினும், களத்தில் இறங்குமுன் உங்களிடம் சம்பளச் சீட்டைக் காட்டியாக வேண்டும். சேர்க்கை தொடங்கும் நாளன்று அந்த விவரமெல்லாம் கபடிக் களத்தின் ஸ்கோர் போர்டில் ஏறும். இடப்பக்கம் சம்பளம், வலப்பக்கம் தவணை. அழகுராஜா, தனியார் பள்ளி: பன்னிரண்டாயிரம், மூவாயிரத்து எண்ணூறு. அசோக்குமார், உடற்பயிற்சிக்கூடம்: இருபத்திரண்டாயிரம், நாலாயிரம். பெற்றோரைப் பலகையின் முன் நிறுத்தி, "ஜெயிக்கிறது யாருன்னு நல்லாப் பாத்துட்டு அப்புறம் பணத்தைக் கட்டுங்க. பாக்காமக் கட்டிட்டு எங்கிட்ட வந்து அழுகக் கூடாது" என்பீர்கள். சிலர் கட்டினார்கள், சிலர் பேருந்து ஏறிப் போனார்கள்.

போனவர்களை எண்ணிக் கணக்குப் போட்டவர்கள் நாங்கள். இடம் நிரம்பாவிட்டால் எங்கள் சம்பளத்துக்கே ஆபத்து என்ற பயம் எங்களுக்கு. அந்தப் பயத்தில் இரண்டாயிரத்துப் பதினேழாம் ஆண்டு நாங்கள் செய்த காரியத்தை இந்த மேடையில் சொல்லாமல் உங்களைப் பாராட்டுவது அழகல்ல. சேர்க்கை நாளன்று நீங்கள் கைப்பந்து அணியோடு திண்டுக்கல் போயிருந்தீர்கள். நாங்கள் எட்டுக்குப் பத்து அளவில் ஒரு ஃப்ளெக்ஸ் அடித்து, முந்தின நாள் நீங்கள் எழுதி வைத்துப்போன பலகைமேல் கட்டினோம். அதில் கைகூப்பிச் சிரிக்கும் உங்கள் படமும் பிறந்தநாள் வாழ்த்தும் இருந்தன. தம் படத்தைத் தாமே அவிழ்க்க மதுரையில் யாருக்கும் மனம் வராது என்பது எங்கள் கணக்கு. பிற்பகல் வந்தீர்கள், பார்த்தீர்கள், நீங்களே ஏறி அவிழ்த்தீர்கள்.

"ஏன் சார், எனக்குப் பிறந்தநாளு கார்த்திகையிலதான வருது? எம் மூஞ்சிய வச்சே நான் எழுதுனத மறைச்சிட்டீகளே!" என்றீர்கள். அதற்குள் ஏழு பேர் பணம் கட்டிப் போயிருந்தார்கள். அவர்களில் ஒருவர் சோழவந்தான் வெற்றிலைக் கொடிக்காலில் உழைக்கும் சோணை. மகள் முனீஸ்வரிக்காக இரண்டரை லட்சம் கடனுக்குக் கையெழுத்துப் போட்டவர்.

முனீஸ்வரி படித்து முடித்தாள். ஒரு பள்ளியில் ஒன்பதாயிரத்து ஐந்நூறுக்குச் சேர்ந்தாள். தவணை நாலாயிரத்து நூறு. கொரோனா வந்ததும் பள்ளிகள் பலவும் முதலில் நிறுத்தியது விளையாட்டு ஆசிரியரைத்தான், அவளையும் நிறுத்தினார்கள். வங்கியின் கடிதம் சோணை வீட்டுக்கு வந்தபோது அவர் அதைத் தூக்கிக்கொண்டு உங்களிடம்தான் வந்தார். "போர்டு போர்டுங்கிறாக, நாங்க வந்தன்னைக்கு அப்படி ஒண்ணையும் காணமேம்மா" என்றார். அன்று நீங்கள் எங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. வெட்கமாக இருந்தது, அம்மையீர். இப்போதும் இருக்கிறது.

நீங்களே வங்கிக்குப் போய்த் தவணைக்கு அவகாசம் வாங்கினீர்கள். முனீஸ்வரியை நீச்சல் பயிற்றுநர் சான்றிதழுக்கும் நடுவர் தேர்வுக்கும் விரட்டினீர்கள். அதோடு நிற்காமல், அவ்விரண்டும் இல்லாமல் எந்தப் பிள்ளையும் இங்கிருந்து வெளியே போகக் கூடாது என்று எங்கள் எல்லோரையும் விரட்டினீர்கள். இந்த மாதம் அவளுக்குப் பள்ளியிலும் நீச்சல் குளத்திலுமாக இருபத்தாறாயிரம். கடன் இன்னும் இரண்டு ஆண்டு இருக்கிறது, ஆனாலும் அவள் பேச்சில் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பைக் கேட்டு நாங்கள் பட்ட மகிழ்ச்சிக்கு அளவில்லை.

சென்ற வாரம் பீரோ சாவியை ஒப்படைக்கும்போது என்னிடம் கேட்டீர்கள்: "சார், நான் போனப்புறம் போர்டுல எழுதுவீகளா, இல்ல வெள்ளையடிச்சு விட்ருவீகளா?" முப்பத்தொரு ஆண்டில் நீங்கள் எங்களிடம் உங்களுக்கென்று கேட்டது அது ஒன்றுதான். நான், "பார்ப்போம் மேடம்" என்றேன். நீங்கள் சரி என்று போய்விட்டீர்கள். அன்று மாலையே ஊழியர் கூட்டத்துக்குச் சுற்றறிக்கை அனுப்பினேன்.

மறுநாள் ஊழியர் கூட்டத்தில் பேசினோம். எழுதுவது என்று முடிவானது. தாளாளரும் நெடுநேரம் மீசையைத் தடவிவிட்டுச் சம்மதித்தார். ஆயினும் எங்கள் பயம் எங்களுக்குத் தெரியும். இடம் நிரம்பாத ஓர் ஆண்டில் மனம் மறுபடி தடுமாறும்.

கல்விக்குக் கண்ணும் களத்துக்குக் காவலுமாய் நின்ற பெருமாட்டியே! மூட்டு வலியின்றி, மருந்துச் சீட்டின்றி, மாலைதோறும் வண்டியூர்த் தெப்பக்குளத்தை மும்முறை சுற்றும் தெம்போடு நூறாண்டு வாழ்க! பேரப்பிள்ளைகளை ஐந்தரைக்கு எழுப்பாமல் சற்றே தூங்கவிட்டும் வாழ்க!

இம்மடலின் ஒரு பிரதி உங்களுக்கு. இன்னொன்றுக்கும் சட்டம் போட்டு, சேர்க்கை அறையில் பணம் கட்டும் சன்னலுக்கு மேலே இன்று காலை மாட்டிவிட்டோம். இனி எந்தத் தகப்பனும் பணத்தை நீட்டுமுன் இதைப் படித்துவிட்டு, "போர்டு எங்கே சார்?" என்று எங்களைக் கேட்கட்டும்.

மதுரை, 31.5.2025

என்றும் உங்கள் அன்பிற்குரிய,
தாளாளர் உள்ளிட்ட முப்பத்தொன்பது பேர்
(அனைவரும் கையெழுத்திட்டுள்ளோம்)