இரண்டு மாப்பிள்ளைகள், ஒரு கணினி

இந்த ஒலிபெருக்கி இரண்டு முறை மயங்கி விழுந்தபோதும் மனம் மயங்காமல் அவைக்குத் தலைமை தாங்கி அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர், பெருமதிப்பிற்குரிய சாரங்கபாணி அவர்களே, செகந்திராபாத்தில் கரி எஞ்சின் கூவிய காலத்திலேயே வந்து குடியேறித் தமிழைத் தளரவிடாமல் தாங்கி நிற்கும் பெரியோர்களே, ஞாயிற்றுக்கிழமைச் சமையலை முன்னதாகவே முடித்துவிட்டு வந்து முன்வரிசையைப் பிடித்துக்கொண்ட தாய்மார்களே, குஷாய்குடாவிலிருந்து குடும்பத்தோடு வந்திருக்கும் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைத் தோழர்களே, மாதாப்பூரிலும் கச்சிபௌலியிலும் கண் துஞ்சாமல் கணினிப் பணி செய்யும் தம்பி தங்கைகளே, தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்லும் செல்லக் குழந்தைகளே, உங்கள் எல்லோருக்கும் போலாரத்துப் பள்ளியின் கணினி ஆசிரியை வேதவல்லியின் பணிவான மாலை வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர் வாளைப் பற்றிப் பேசினார், வேலைப் பற்றிப் பேசினார், வீரத்தைப் பற்றிப் பேசினார். அவருக்கு விழுந்த கைதட்டலில் பாதி எனக்குக் கிடைத்தாலே போதும். ஏனென்றால் எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, வீட்டுக் கணினிக்கு ஆன்டிவைரஸ் தேர்ந்தெடுப்பது எப்படி. சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சிரிக்கிற எத்தனை பேர் வீட்டில் இன்று கணினி திறக்கக் கால்மணி நேரம் ஆகிறது என்று கேட்டால் சிரிப்பு நிற்கும்.

கத்தரிக்காய் வாங்கப் போனால் காம்பைக் கிள்ளிப் பார்க்கிறோம். தேங்காய் வாங்கினால் தட்டிப் பார்க்கிறோம். புடவை எடுத்தால் நூலைப் பிரித்துப் பார்க்கிறோம். ஆனால் வீட்டுக் கணினிக்குக் காவல் வைக்கும்போது மட்டும் என்ன செய்கிறோம்? யாரோ ஒருவர் வந்து எதையோ போட்டுவிட்டுப் போகிறார். நாம் காபி கொடுத்து அனுப்புகிறோம்.

அப்படிக் காபி கொடுத்து அனுப்பிய ஒரு வீட்டின் கதையைத்தான் சொல்லப் போகிறேன். நான் குடியிருக்கும் வீடு அது. மாடி எனக்கு, கீழ்வீடு வீட்டுக்காரர் சந்திரமோகன் அவர்களுக்கு. ராணுவக் கணக்கு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதோ, மூன்றாவது வரிசையில் மின்விசிறிக்கு நேர்கீழே அமர்ந்திருக்கிறார். பெயரை மாற்றிச் சொல்லட்டுமா என்று கேட்டேன். நாலு பேருக்கு உபயோகமாக இருந்தால் பெயரோடே சொல்லும்மா என்று அனுமதி கொடுத்துவிட்டார். அந்தப் பெருந்தன்மைக்கு முதலில் ஒரு கைதட்டல் கொடுங்கள்.

அவருக்கு மூன்று பெண்கள். மூத்தவர்கள் இருவருக்கும் திருமணமாகிவிட்டது. பெரிய மாப்பிள்ளை சுதர்சன், சின்ன மாப்பிள்ளை ஸ்ரீகாந்த், இருவருமே மென்பொருள் துறை. மூன்றாவது பெண் ரோகிணி. அமெரிக்காவில் மருத்துவர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு ஒலிப்பதிவில் சொல்வதை இங்கே கேட்டுத் தட்டச்சு செய்து அனுப்பும் வேலை அவளுக்கு. காதில் ஹெட்போன், விரல்கள் விசைப்பலகையில், காலடியில் தையல் மிஷினுக்கு இருப்பது போல ஒரு மிதி. மிதித்தால் டாக்டர் பேசுவார், காலை எடுத்தால் டாக்டர் வாயை மூடுவார். நம் ஊர் டாக்டர்களுக்கும் அப்படி ஒன்று இருந்தால் தேவலை என்று அங்கே ஓர் அம்மா சொல்வது கேட்கிறது. வாஸ்தவம்தான்.

தினமும் இரண்டு பஸ் மாறி அமீர்பேட்டைக்குப் போய் வேலை செய்துகொண்டிருந்தாள் ரோகிணி. சென்ற ஆண்டு அவளுடைய அம்மா லலிதாம்பாள் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. படுக்கை. அக்காக்கள் இருவரும் நகரத்தின் மறுமுனையில், அவர்களுக்கும் வேலை. ரோகிணி அலுவலகத்தில் மன்றாடினாள். சரி, வீட்டிலிருந்தே செய், ஒரு மாதம் பார்க்கிறோம், குறித்த நேரத்துக்கு வேலை வரவில்லை என்றால் திரும்ப இங்கேதான் வரவேண்டும் என்றார்கள். பெரியோர்களே, இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு கணினி ஒழுங்காக ஓடினால் மகள் தாயின் பக்கத்தில் இருப்பாள். ஓடாவிட்டால் தாய்க்குத் தண்ணீர் கொடுக்கவும் பகலில் மகள் இருக்க மாட்டாள்.

இப்போது மாப்பிள்ளைகள் வருகிறார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய மாப்பிள்ளை சுதர்சன் வந்தார். கணினியைப் பார்த்தார். என்ன மாமா, காவலே இல்லாமல் வைத்திருக்கிறீர்களே என்று வருத்தப்பட்டு, தன் அலுவலகத்தில் எல்லோரும் புகழும் ஓர் ஆன்டிவைரஸைப் போட்டார். நல்ல எண்ணம், நல்ல பொருள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சின்ன மாப்பிள்ளை ஸ்ரீகாந்த் வந்தார். திரையின் மூலையில் அந்தச் சின்னத்தைப் பார்த்ததும் அவர் உதட்டில் ஒரு புன்னகை. இதையா போட்டிருக்கிறீர்கள் மாமா, இது பழசு, இதை எடுத்துவிட்டு என்னுடையதைப் போடுகிறேன் என்றார். அதுவும் நல்ல எண்ணம், நல்ல பொருள்தான்.

ஆனால் சந்திரமோகன் யார்? சம்பந்தி வீடு இரண்டிலிருந்தும் சீராக வந்த இரண்டு சுவர்க்கடிகாரங்களை ஒரே சுவரில் அடுத்தடுத்து மாட்டி, இரண்டும் வேறு வேறு நேரம் காட்டினாலும் இரண்டுக்கும் தவறாமல் பாட்டரி போடுகிறவர். யார் மனமும் நோகக்கூடாது அவருக்கு.

"நக்கோ மாப்பிள்ளே. பெரியவரு போட்டதை எடுக்க நக்கோ, மனசு நோவும். பக்கத்துலயே உங்களுதையும் போட்டுடுங்க" என்றாராம். வேண்டாம் என்பதற்கு நம் ஊர்ச் சொல்தானே நக்கோ.

ஸ்ரீகாந்த் தயங்கினார். ஒரே கணினியில் இரண்டு கூடாது என்று அவருக்குத் தெரியும். கணினியும் அதையே எச்சரிக்கையாகக் காட்டியது. ஆனால் மாமனார் வாய்விட்டுக் கேட்கும்போது மாப்பிள்ளை எப்படி மறுப்பார்? எச்சரிக்கையை மூடினார், இரண்டாவதையும் போட்டார், வடையைச் சாப்பிட்டார், வீட்டுக்குப் போனார். அந்த வடையைச் சுட்டுக்கொண்டிருந்தவள் ரோகிணி. கணினி அவளுடையது, காவல் வைத்தவர்கள் இவர்கள்.

சுவர் இரண்டு கடிகாரங்களைத் தாங்கும். ஒரே உறையில் இரண்டு கத்தி இருக்குமா? இது ஒவ்வொரு கோப்பையும் பிடித்துச் சோதிக்கிறது. அது சோதிக்கிற கையையே பிடித்துச் சோதிக்கிறது. ஒன்று மற்றொன்றைத் திருடன் என்கிறது. நினைவகம் குறைந்த நம் வீட்டுக் கணினி நடுவில் நசுங்குகிறது.

திங்கட்கிழமை காலை நான் பள்ளிக்கு ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தேன். ரோகிணி வாசலுக்கு ஓடி வந்தாள். உள்ளே போய்ப் பார்த்தேன். இதய மருத்துவர் ஒருவருடைய ஒலிப்பதிவு வந்து காத்திருக்கிறது. நண்பகலுக்குள் அனுப்பியாக வேண்டும். இவள் மிதியை மிதிக்கிறாள், சத்தமே இல்லை. மிதியை இயக்கும் அலுவலக மென்பொருளைச் சந்தேகத்துக்குரிய ஆசாமி என்று பிடித்து உள்ளே தள்ளிவிட்டிருக்கிறது ஒரு காவல். அதை மீட்கலாம் என்றால் இன்னொரு காவல் விடமாட்டேன் என்கிறது. வேலியே பயிரை மேய்ந்த கதை கேட்டிருப்பீர்கள். அங்கே இரண்டு வேலிகள், இரண்டுக்கும் நல்ல பசி.

பள்ளிக்கு அரைநாள் விடுப்பு சொன்னேன். இரண்டில் ஒன்றை எடுத்தாக வேண்டும் என்று நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தால், சந்திரமோகன் குறுக்கே வந்து நின்றார். எதை எடுப்பது? பெரியவருடையதையா, சின்னவருடையதையா என்று என்னைக் கேட்டார். பிறகு, மாப்பிள்ளைகளையே கேட்டுவிட்டுச் செய்வோம் என்று தொலைபேசியை எடுத்தார். பெரிய மாப்பிள்ளை கூட்டத்தில் இருந்தார். காத்திருந்து பேசினார்.

"பரவாயில்லை மாமா, என்னுதையே எடுத்துடுங்க."

தாய்மார்கள் சிரிக்கிறீர்கள். மாப்பிள்ளை 'பரவாயில்லை' என்றால் என்ன பொருள் என்று உங்களுக்குத் தெரியும். சந்திரமோகனுக்கும் தெரியும். உடனே சின்ன மாப்பிள்ளையைக் கூப்பிட்டார். அவரும் அதே சொல்லை, அதே குரலில், அதே பெருமூச்சோடு சொன்னார். ஆக, இரண்டு பேரும் அனுமதி கொடுத்துவிட்டார்கள். அதனாலேயே எதையும் எடுக்க முடியாமல் போய்விட்டது. அந்தப் பக்கம் கடிகாரங்கள் இரண்டும் ஓடிக்கொண்டிருந்தன. எது சரியான நேரம் என்று எனக்குத் தெரியவில்லை, இரண்டுமே நண்பகலை நெருங்கிக்கொண்டிருந்தன.

அப்போதுதான் ரோகிணி பேசினாள். கத்தவில்லை. ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுச் சொன்னாள்.

"அப்பா, இது என் ஆபீஸ். மாமாங்க ஆபீஸ்ல நீங்க போய் எதையாவது போட்டா சும்மா இருப்பாங்களா? ரெண்டு மாப்பிள்ளையையும் கேட்டீங்க. வேதா அக்காவைக் கேட்டீங்க. இதுல உக்காந்து வேலை செய்யறவ நான். என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

உள்ளறையில் படுத்திருந்த லலிதாம்பாள் அங்கிருந்தபடியே, ரெண்டையும் எடுக்கச் சொல்லுங்க என்றார். சந்திரமோகன் விலகி நின்றார். இரண்டையும் எடுத்தோம். அதற்குள் நண்பகல் போய்விட்டது. வேலை தாமதமாகத்தான் போனது. அலுவலகம் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. மறுநாளிலிருந்து ரோகிணி மறுபடி அமீர்பேட்டை பஸ்ஸில் நின்றாள்.

எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. யார்மேல் கோபம்? மாப்பிள்ளைகள் கெட்டவர்களா? இல்லை. மாமனார் கெட்டவரா? இல்லை. எல்லோரும் எல்லோரையும் மதித்தார்கள். அந்த மரியாதைப் பந்தியில் ஓர் இலை மட்டும் போடாமல் விட்டுப்போயிற்று.

சரி, எப்படித் தேர்ந்தெடுப்பது? தலைவர் மணியைப் பார்க்கிறார், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு வீட்டுக் கணினிக்கு ஒரே ஓர் ஆன்டிவைரஸ். பழையதை முழுக்க நீக்கிய பிறகே புதியது. எந்தக் கம்பெனி என்று இந்த மேடையில் சொல்ல மாட்டேன், சொன்னால் கீழே இறங்கியதும் நாலு பேர் சண்டைக்கு வருவீர்கள். ஆனால் உங்கள் கணினியின் வலு எவ்வளவு என்று பாருங்கள். மாடு இளைத்திருக்கும்போது வண்டியில் பாரம் ஏற்றாதீர்கள். நாள்தோறும் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறதா என்று பாருங்கள். புதிது புதிதாகத் திருடன் வரும்போது போன வருஷத்துப் படத்தை வைத்துக்கொண்டு அவனை எப்படி அடையாளம் காண்பது?

நடைபாதையில் விற்கும் சிடியில் பூட்டை உடைத்த ஆன்டிவைரஸ் கிடைக்கிறது என்று பின்வரிசைத் தம்பி ஒருவர் கையை ஆட்டுகிறார். தம்பி, காவலுக்கு வருகிறவனையே திருட்டு வழியில் கூட்டி வந்தால் அவன் எப்படிக் காப்பான்? வீட்டு உபயோகத்துக்கு இலவசமாகத் தருகிற நல்ல கம்பெனிகளே இருக்கின்றன, அவர்களுடைய சொந்தத் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள். இணையத்தில் போகும்போது திடீரென்று ஒரு பெட்டி குதித்து, உன் கணினி முழுக்க வைரஸ், இங்கே அழுத்து என்று மிரட்டினால் அழுத்தாதீர்கள். அது போலீஸ் உடுப்பு மாட்டிய திருடன். பென் டிரைவ் யார் கொண்டு வந்தாலும், சங்கத்துச் செயலாளரே கொண்டு வந்தாலும், சோதித்துவிட்டுத் திறங்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள் ஐயா. காவல் எவ்வளவு நல்லதானாலும் முக்கியமானதை ஒரு சிடியில் தனியாக எழுதி வையுங்கள். புரிந்ததா குழந்தைகளே? 'அர்த்தமைந்தி ஆன்ட்டி' என்கிறார்கள். மகிழ்ச்சி.

இத்தனைக்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. அந்தக் கணினியில் யார் உட்காருகிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று அவர்களிடமே கேளுங்கள். வங்கிக் கணக்குப் பார்க்கிறவருக்கு ஒரு தேவை, விளையாடுகிற பிள்ளைக்கு ஒரு தேவை, மிதியை மிதித்து வேலை செய்கிறவளுக்கு ஒரு தேவை. வீட்டுக்குப் பூட்டு வாங்கும்போது அந்தச் சாவியைத் தினமும் திருப்புகிறவளைக் கேட்காமல் வாங்கலாமா? கேட்காமல் வாங்கலாமா என்று உங்களைத்தான் கேட்கிறேன். 'நக்கோ' என்கிறீர்கள். அந்த நக்கோவை வீட்டுக்கும் எடுத்துக்கொண்டு போங்கள்.

ரோகிணி பஸ்ஸில் போய்வந்த நாட்களில் லலிதாம்பாளுக்குக் கஞ்சி காய்ச்சியது சந்திரமோகன். மருந்து கொடுத்தது அவர், இடுப்பைத் தாங்கி உட்காரவைத்ததும் அவர்தான். மகள் வீட்டில் இருந்தபோது அந்த வேலைகளோடு அலுவலக வேலையையும் சேர்த்து எப்படிச் செய்தாள் என்று என்னிடம் ஒருநாள் மாடிக்கு வந்து கேட்டார். ரோகிணி அலுவலகத்தில் மீண்டும் கேட்டு, வீட்டு வேலையைத் திரும்ப வாங்கினாள். எந்த ஆன்டிவைரஸ் என்று தன் குழுத் தலைவரிடம் கேட்டு, ஒன்றைச் சோதித்துப் பார்த்து, மிதி ஓடுகிறதா என்று மிதித்துப் பார்த்து, அவளே போட்டுக்கொண்டாள்.

இந்தத் தீபாவளிக்குப் பெரிய மாப்பிள்ளை வந்திருந்தார். கையில் ஒரு புது சிடி. இதைப் போட்டால் இன்னும் நன்றாக ஓடும் மாமா என்று அறைப்பக்கம் நடந்தார். நான் அங்கே பலகாரம் வாங்கிக்கொண்டு நிற்கிறேன். சந்திரமோகன் எழுந்து முன்னால் போய் நின்றார்.

"ஒரு நிமிஷம் மாப்பிள்ளே. ரோகிணி டூட்டில இருக்கா. கேட்டுட்டு வரேன்."

சொல்லிவிட்டு, தான் கட்டிய வீட்டில், தன் மகள் இருக்கும் அறையின் கதவைத் தட்டிவிட்டுக் காத்திருந்தார். உள்ளே டாக்டர் பேசி முடிக்கும்வரை காத்திருந்தார். மாப்பிள்ளையும் பக்கத்தில் காத்திருந்தார்.

இன்றும் ரோகிணி இந்த விழாவுக்கு வரவில்லை. அவளுக்கு இன்று வேலைநாள். அம்மா பக்கத்து அறையில் இருக்கிறார், கைத்தடி ஊன்றி நடக்கத் தொடங்கிவிட்டார். அந்த வீட்டின் மிகச் சிறந்த ஆன்டிவைரஸ் இதோ இந்த மூன்றாவது வரிசையில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறது.

வாளும் வேலும் பேசிய மேடையில் வைரஸ் பேசவும் இடம் கொடுத்த சங்கத்தாருக்கும், பொறுமை காத்த தலைவருக்கும், கடைசிவரை உயிரோடிருந்த ஒலிபெருக்கிக்கும், உங்கள் ஒவ்வொருவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. வீட்டுக்குப் போனதும் கணினி இருக்கும் அறையின் கதவைத் தட்டிப் பாருங்கள். வணக்கம்.